சோழியில் ஓடிய நிரல்

மலைமேல் மகாதீபம் ஏற்றும் நாளைக் கார்த்திகை மாதத்துக் கிருத்திகை நட்சத்திரத்தை வைத்தே குறிக்கிறார்கள். சந்திரன் அந்த நட்சத்திரத்தை என்றைக்கு அடையும் என்று கணித்துச் சொன்னவர்கள் பஞ்சாங்கக் கணிதர்கள்.

தரையில் பரப்பிய சோழிகளும் மனப்பாடமான வாக்கியங்களுமே அவர்களின் கருவி. சந்திரனின் வேக மாற்றம் ஏறத்தாழ 248 நாளில் ஒன்பது சுற்று முடிந்து திரும்புகிறது. ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள், எழுத்துகளுக்குள் எண்கள். வரருசி இயற்றியவை என்பது மரபு.

புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர் சோழிகளை நகர்த்தியே 1825 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஐரோப்பிய வானியலாளர் ஜான் வாரன் இதைத் தமது ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தார். பிழை: கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

அந்த வாக்கியங்களின் வழியில் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது.