எல்லா எரிவாயுவும் ஒன்றல்ல

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை. சிலாங்கூர், புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து, தீப்பிழம்பு வானளாவ எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வீடுகளும் வாகனங்களும் கருகின. அந்த வாரம் முழுவதும் நேயர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம் வீட்டுத் தோம்பில் இருப்பதும் அதே கேஸ்தானா?"

இல்லை. பேச்சுவழக்கில் இரண்டையுமே 'கேஸ்' என்கிறோம். ஆனால் கசிந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு.

மேலே போவதும் கீழே தங்குவதும்

அந்தக் குழாயில் ஓடியது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். காற்றைவிட இலேசானது என்பதால் கசிந்தால் மேலே எழும்.

தோம்பில் இருப்பது எல்.பி.ஜி., அதாவது திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய எரிவாயு. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த இது, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, மூலைகளிலும் கால்வாய்களிலும் தேங்கும்.

இது பாடப்புத்தகச் சங்கதி மட்டுமல்ல. நம் வீடுகளில் பலர் விடிந்ததும் முதல் வேலையாகச் சாமி விளக்கேற்றுகிறோம். இரவில் கசிந்த எல்.பி.ஜி. அதற்குள் தரையோடு தவழ்ந்து பூசை அறை வரை வந்திருக்கலாம். நாற்றம் அடித்தால் தீக்குச்சியைத் தொடாதீர்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பின் வால்வை மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள். வெளியே போன பிறகு 999-ஐ அழையுங்கள்.

அந்த நாற்றத்திற்கும் ஒரு பெயர் உண்டு: மெர்கேப்டன். எரிவாயுவுக்கு இயல்பில் மணமே இல்லை. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மாணவர்கள். அதன் பிறகே எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

இன்னும் சில சொற்கள்

எல்.இ.எல்.: தீப்பிடிக்கக் காற்றில் இருக்க வேண்டிய எரிவாயுவின் கீழ் எல்லை. மீத்தேனுக்கு இது சுமார் 5 விழுக்காடு. எல்.பி.ஜி.க்கு ஏறக்குறைய 2 விழுக்காடுதான். 'கொஞ்சமாகத்தானே கசிகிறது' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

எல்.என்.ஜி.: இயற்கை எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கியது. கன அளவு 600-இல் ஒரு பங்காகச் சுருங்குவதால் கப்பலில் ஏற்ற முடிகிறது. சரவாக்கின் பிந்துலுவிலிருந்து 1983 முதல் ஏற்றுமதியாவது இதுதான். பெயர் ஒலிப்பில் ஒத்திருந்தாலும் இது சமையலறைத் தோம்புக்கு வருவதில்லை.

ரெகுலேட்டர்: இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, தோம்பின் தலையில் அமர்ந்து அழுத்தத்தைக் குறைக்கும் கருவி. அதிலும் ரப்பர் குழாயிலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, துறையைக் கண்காணிக்கும் அமைப்பு. தீபகற்ப மலேசியாவில் பயனீட்டாளர்களுக்கான குழாய்வழி எரிவாயு விநியோகத்தை, 1993-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டத்தின்கீழ் எரிசக்தி ஆணையம் கண்காணிக்கிறது. அடுக்குமாடி வீட்டில் குழாய் எரிவாயு பொருத்துபவர் அங்கே பதிவு பெற்ற குத்தகையாளரா என்று கேட்பது உங்கள் உரிமை.

சைக்ளிக் லோடிங்: திரும்பத் திரும்ப வரும் அழுத்தம். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவதுபோல. புத்ரா ஹைட்ஸ் விசாரணையில் வெளிவந்த காரணம் இதுவே. அடியில் இருந்த மண் நீர் ஊறித் தளர்ந்ததால், தாங்குதல் இழந்த குழாய் விரிசல் கண்டது.

ரைட் ஆஃப் வே: நிலத்தடிக் குழாயின் மேலும் இருபுறமும் ஒதுக்கப்பட்ட நிலம். அங்கே குழி தோண்டவோ கட்டடம் எழுப்பவோ அனுமதி வேண்டும். மேலே நடப்பட்ட எச்சரிக்கைக் குறியீடுகள்தாம் அதன் அடையாளம்.

வீடு வாங்கப் போகும் இளையோர் கடன் வட்டியை விசாரிக்கிறார்கள்; பள்ளியும் எல்.ஆர்.டி. நிலையமும் எவ்வளவு தூரம் என்றும் கேட்கிறார்கள். "எரிவாயுக் குழாய் நிலம் எவ்வளவு அருகில் இருக்கிறது?" என்பதையும் மேம்பாட்டாளரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.