கல்லாவுக்கு மேலே ஒரு திரை

சிறு ஓட்டல்களின் விலைப் பலகை டிவிக்கு மாறுகிறது. செலவு கைக்கு அடக்கம்தான். கவனம் தேவைப்படுவது வேறு இடத்தில்.

காலை எட்டு மணி. பெங்களூரு தர்ஷினி ஒன்றின் கல்லா முன் நீண்ட வரிசை. நிற்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேலே விலைப் பலகை. படித்து, முடிவு செய்து, பணம் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு நகர வேண்டும். ஒருவர் தயங்கினால் பின்னால் பத்துப் பேர் தேங்குவார்கள். நின்றபடியே சாப்பிடும் இந்த வகை ஓட்டல்கள் 1980களில் அந்த நகரத்தில் பிறந்தவை. ஆர்டர் எடுக்க சர்வர் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பலகைதான்.

அந்தப் பலகைக்குத்தான் இப்போது சோதனை. கர்நாடகத்தில் நந்தினி பாலின் விலை 2025 ஏப்ரல் 1 அன்று லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. ஓட்டல்கள் வாங்கும் 19 கிலோ சிலிண்டரின் விலையோ வழக்கமாக மாதத்தின் முதல் தேதியில் மாறுகிறது. விளைவு? ஃப்ளெக்ஸில் அச்சடித்த காபி விலையின் மேல் ஒரு ஸ்டிக்கர், அதன் மேல் இன்னொன்று. ஸ்டிக்கர் உதிர்ந்தால் பலகையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை. இரண்டு ரூபாய்க்காக வாக்குவாதம் எழும்; போகும் வாடிக்கையாளர் திரும்பி வராமலும் போகலாம்.

பெரிய துரித உணவு நிறுவனங்கள் இதற்கு எப்போதோ திரைகளைத் தொங்கவிட்டுவிட்டன. சிறு கடைக்காரரைத் தடுத்தது செலவு பற்றிய பயம். ஆனால் தேவைப்படுவது வீட்டில் இருப்பது போன்ற ஒரு 32 அங்குல எல்இடி டிவியும் ஒரு பென் டிரைவும்தான். இந்த அளவு வரையிலான டிவிகளின் ஜிஎஸ்டி 2019 ஜனவரியிலேயே 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பெரிய டிவிகளுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் அதே 18 சதவீதம்தான். மின்செலவும் பயமுறுத்துவதாக இல்லை. 50 வாட் டிவி தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 23 யூனிட்.

வேலையும் எளிது. அகலம் 16, உயரம் 9 என்ற விகிதத்தில் பட்டியலை ஒரு படமாகக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ தயாரித்து, பென் டிரைவில் ஏற்றி, டிவியில் செருகினால் போதும். அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தால் டிவியின் பின்னால் ஒரு சிறிய கம்ப்யூட்டரை இணைக்கலாம். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை இதற்குப் பெயர் பெற்றது. ஆந்தியாஸ் போன்ற இலவச மென்பொருள் அதில் ஓடும். திரைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் கேட்கும் சேவைகளும் உண்டு. ஒரே கடை, ஒரே திரை என்றால் அந்தச் செலவைத் தவிர்த்துவிடலாம்.

சறுக்குவது பட்டியலில்தான். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பெயர்ப்பலகைத் தொழிலின் பழைய கணக்கு. 32 அங்குலத் திரையின் உயரம் 16 அங்குலத்துக்கும் குறைவு. இடைவெளி விட்டால் பத்து வரிகள்தான் தாங்கும். நாற்பது அயிட்டங்களைத் திணித்தால் ஒன்றும் தெரியாது. அதனால் காலைக்கு இட்லி, வடை, காராபாத். மதியத்துக்குச் சாத வகைகள். மாலைக்குப் பலகாரம், காபி என்று மூன்று படங்கள் தயாரித்துவிடுவது நல்லது. கன்னடமும் ஆங்கிலமும் ஒரே வரியில் வரட்டும். பக்கங்கள் மாறி மாறி வந்தால், தோசை விலை திரும்பி வரும்வரை வரிசை காத்திருக்கும். மின்னும் எழுத்துகளும் நகரும் படங்களும் கூடவே கூடாது.

டிவியிலும் சில சங்கடங்கள் உண்டு. பல டிவிகள் சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். அந்த வசதியை அமைப்புகளில் நிறுத்த வேண்டும். வீட்டு உபயோக டிவியைக் கடையில் ஓட்டினால் வாரண்டி செல்லாமல் போகலாம். வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெயில் நேராக விழும் சுவரில் எழுத்து வெளுத்துத் தெரியும். அடுப்பின் எண்ணெய்ப் புகை படும் இடத்தில் டிவியின் ஆயுள் குறையும்.

இத்தனைக்கும் கிடைக்கும் பலன் என்ன? வடை தீர்ந்ததும் அந்த வரியை எடுத்துவிடலாம். டோக்கன் வாங்கியவர் கவுன்டரில் ஏமாந்து நிற்க வேண்டியதில்லை. விலை ஏறினால் அன்று காலையே திரையிலும் ஏறும். ஆனால் முதலாளிக்கு மட்டுமே மாற்றத் தெரிந்திருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் திரையும் பொய் சொல்லும். கல்லாவில் உட்காருபவருக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கரண்ட் போகும் நாளுக்காக ஒரு சிலேட்டும் சாக்பீசும் கல்லாவுக்குக் கீழே தயாராக இருக்கட்டும். திரை அணைந்தாலும் காபி விற்றாக வேண்டுமே.