ஆரஞ்சு நெகட்டிவும் நீல ஃபில்டரும்

கலர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரே ஆரஞ்சாகத் தெரியும். அது கறையல்ல. ஃபிலிமில் உள்ள மெஜந்தா, சயான் சாயங்கள் அத்தனை சுத்தமானவை அல்ல; தடுக்கக் கூடாத ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கோடாக் 1940களின் பிற்பகுதியில் இந்த ஆரஞ்சைப் புகுத்தியது. கலர் பேப்பர் அதற்கேற்பவே தயாரானது. டிஜிட்டல் கேமரா அப்படியில்லை.

நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்துக் கேமராவில் எடுத்தால், ஆரஞ்சு நீல ஒளியை விழுங்கிவிடும். சிவப்புக்கு விருந்து, நீலத்துக்குப் பட்டினி. பிறகு கணினியில் நீலத்தை ஏற்றினால், கூடவே புள்ளிப்புள்ளியான இரைச்சலும் ஏறும். எக்ஸ்போஷரைக் கூட்டினாலோ சிவப்பு நிரம்பி வழிந்து விவரம் போய்விடும். அதனால் முன்கூட்டியே விளக்கின் மேல் ஒரு வெளிர்நீல ஃபில்டரைப் போட்டுச் சிவப்பைக் குறைப்பதே மேல். வெளிச்சம் குறைந்தால் என்ன, நெகட்டிவ் எங்கே ஓடப்போகிறது? ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம்.

ஸ்லைடுகளை நகலெடுத்தவர்களிடம் இப்படி நிறத்தைத் திருத்துவதற்கென்றே சிசி (கலர் காம்பன்சேட்டிங்) ஃபில்டர்கள் இருந்தன. சிசி30எம் என்றால் மெஜந்தா, அடர்த்தி 0.30, பச்சை ஒளியில் பாதியை நிறுத்திவிடும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். புதிதாகப் பழகுபவர்கள் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தாளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். மஞ்சள் 30, மெஜந்தா 20, சயான் 10 என்று அடுக்கியிருந்தால், மூன்றிலும் உள்ள பத்து சேர்ந்து வெறும் சாம்பல். அதைக் கழித்து மஞ்சள் 20, மெஜந்தா 10 மட்டும் வைத்தால் நிறம் அதேதான், வெளிச்சம் மட்டும் மிச்சம்.

லென்ஸுக்கு முன்னால் வைக்கும் ஜெலட்டின் ஃபில்டர் சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். ஈரவிரல் பட்டால் ரேகை பதிந்துவிடும், துடைத்தும் போகாது. விளக்குப் பக்கம் வைப்பதற்கு அந்தக் கவலை வேண்டாம். பிம்பம் அதன் வழியே போவதில்லை என்பதால் சாதாரண அசிட்டேட் தாளே போதும்.

சாயம் வெளிறி இளஞ்சிவப்பாகிப்போன பழைய ஈஸ்ட்மன் கலர் சினிமா பிரிண்டில் மட்டும் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். அதில் சயான் சாயம்தான் பெரும்பாலும் போயிருக்கும், அதுவும் நிழல் பகுதிகளில் நிறையவே. ஃபில்டரோ எங்கும் ஒரே அளவில்தான் தடுக்கும். அதைப் போட்டு முகத்தின் நிறத்தைத் தேற்றினால் வெள்ளைச் சட்டை நீலப்பச்சை காட்டும், நிழல் சிவந்தே இருக்கும். அங்கே கணினியில் ஒவ்வொரு நிறத்தையும் நிழலில் ஓரளவு, வெளிச்சத்தில் வேறளவு என்று தனித்தனியாகத் திருத்தியாக வேண்டும்.