சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எந்த வழி?

சிராங்கூன் சாலையில் பல காலமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். நியூயார்க் போகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, “எத்தனை மணி நேரம் ஆகும், அண்ணே?” என்பதுதான். பேறுகாலத்துக்கு மகளிடம் போகும் அம்மாக்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: “தம்பி, பிளேன் கிழக்கால போகுமா, மேற்கால போகுமா?” அருமையான கேள்வி அது.

என் மேசையில் உள்ள உலக உருண்டையில், நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்துக் காட்டுவேன். நூல் சைபீரியாவைக் கடந்து, வட துருவத்தை ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும். சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்கு, நியூயார்க் 74 டிகிரி மேற்கு. ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம். நூல் காட்டும் தூரம் சுமார் 15,350 கி.மீ. இடையில் இறங்காத பயணிகள் சேவைகளில் இன்று உலகிலேயே நீளமானது இதுதான்.

ஆனால் விமானம் அந்த நூல் மேலேயே போவதில்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கிறது. விமானத்தின் சொந்த வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால், 150 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது 1,050 ஆகும். எதிர்த்து அடித்தால் 750 ஆகிவிடும். அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் கிழக்கே போவார்கள். வழி 16,000 கி.மீ.-ஐத் தாண்டினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும் வழியை அன்றைய காற்றும், எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது என்பதும் முடிவு செய்யும். ஏறக்குறைய 18½ மணி நேரம் ஆகும்.

இவ்வளவு தூரத்துக்கு எரிபொருளே பெரிய சுமை. 2004-இல் நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானத்தில் நியூயார்க்கை அடுத்த நூவர்க்குக்குச் சேவை தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகு, 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161தான், சாதாரண எகானமி கிடையாது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். கோடையில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. கோடையில் நள்ளிரவு 12-க்குக் கிளம்பினால் அதே தேதியில் காலை 6.30-க்கு இறங்கிவிடலாம். திரும்பும்போது திங்கள் இரவு 10-க்கு ஏறினால் புதன் விடியற்காலை 4.30. வேலைக்குத் திரும்பும் நாளை இதைப் பார்த்துக் குறியுங்கள்.

வயதானவர்களை அனுப்புகிறவர்கள் நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து எடுங்கள். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லி அனுப்புங்கள்.