உங்களுக்குத் தெரியுமா? மூன்று கோடுகளின் வழக்கும் வரலாறும்

தோலும் ரப்பரும் நூலும் இருந்தால் ஷூவை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். அதன் பக்கவாட்டில் என்ன அடையாளம் இருக்கிறது என்பதில்தான் கோடிகள் புரள்கின்றன. அந்த அடையாளத்தைச் சம்பாதிக்கவும் காப்பாற்றவும் அடிடாஸ் படும் பாட்டைப் பார்த்தாலே விளையாட்டு உடை வியாபாரத்தின் உள்விவகாரம் பிடிபட்டுவிடும்.

● அடிடாஸும் பூமாவும் ஒரே குடும்பத்துச் சண்டையில் பிறந்தவை. ஜெர்மனியின் பவேரியாவில் ஹெர்ட்சோகெனௌராக் என்ற சிற்றூர். அங்கே டாஸ்லர் சகோதரர்கள் ருடால்ஃபும் அடால்ஃபும் 1924-ல் சேர்ந்து ஷூ கம்பெனி தொடங்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஓடியது இவர்கள் செய்த ஸ்பைக்ஸில். 1948-ல் சகோதரர்கள் பிரிந்தார்கள். அண்ணன் ருடால்ஃப் பூமாவை ஆரம்பித்தார். மறு வருடம் தம்பி அடிடாஸைப் பதிவு செய்தார். அவர்களோடு ஊரும் இரண்டுபட்டது. பேச்சுக் கொடுக்கும் முன் எதிரே நிற்பவர் எந்த ஷூ போட்டிருக்கிறார் என்று குனிந்து பார்ப்பார்களாம். அதனால் ‘கழுத்து வளைந்தவர்களின் ஊர்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

● அடிடாஸின் அடையாளமான மூன்று கோடுகளின் உரிமை பின்லாந்தின் கர்ஹு நிறுவனத்திடமிருந்து வாங்கியது. 1950-களின் தொடக்கத்தில் நடந்த அந்த விற்பனைக்கு விலை, இன்றைய கணக்கில் சுமார் 1,600 யூரோவும் இரண்டு பாட்டில் விஸ்கியும் என்று கர்ஹு தரப்பே சொல்லிவருகிறது.

● 1954 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கொட்டும் மழையில். எதிரணி நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத ஹங்கேரி. மேற்கு ஜெர்மனி வீரர்களின் அடிடாஸ் பூட்ஸில் ஸ்டட்களைத் திருகிக் கழற்றி மாற்ற முடியும். சேற்றில் வழுக்காமலிருக்க நீளமான ஸ்டட்களை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். 0–2 என்று பின்தங்கி, 3–2 என்று வென்றார்கள். பொருளின் தரமே விளம்பரமாக வேலை செய்த நாள் அது.

● அடுத்த தலைமுறைக்கு ஆட்டக்காரர்களே விளம்பரப் பலகை ஆனார்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பெலே நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டு, குனிந்து லேஸைக் கட்டினார். தொலைக்காட்சிக் கேமராக்கள் அவர் காலில் இருந்த பூமாவை உலகத்துக்கே காட்டின. அந்தக் குனிதல் பூமாவோடு பேசி முடித்த ஏற்பாடு.

1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்து அணியின் உடை அடிடாஸ். ஆனால் நட்சத்திர வீரர் யோஹான் க்ரைஃபின் ஒப்பந்தம் பூமாவோடு. அணியில் மற்ற எல்லோருடைய சட்டையிலும் மூன்று கோடு. அவருடையதில் மட்டும் இரண்டு! பழைய படங்களில் தோள்பட்டையைக் கவனித்தால் இன்றும் தெரியும்.

● இரண்டு கோடு, நான்கு கோடு போட்டு விற்றாலும் அடிடாஸ் விடாது. அமெரிக்காவின் பேலெஸ் கடைகள் மீது தொடுத்த வழக்கில் 2008-ல் ஜூரி விதித்த இழப்பீடு சுமார் 30 கோடி டாலர். பிறகு நீதிபதி அதைச் சுமார் 6.5 கோடியாகக் குறைத்தார்.

● ஆனால் எல்லா வழக்கிலும் வெற்றி கிடைக்கவில்லை. வடிவமைப்பாளர் டாம் பிரவுன் தம் உடைகளில் மூன்று பட்டை போட்டபோது 2007-ல் அடிடாஸ் ஆட்சேபித்தது. அவர் பேசாமல் நான்காக்கிக்கொண்டார். பல வருடம் கழித்து, அவர் விளையாட்டு உடைப் பக்கம் வந்ததும் வழக்கு போட்டார்கள். 2023 ஜனவரியில் நியூயார்க் ஜூரி பிரவுன் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அதற்கு முன்பே, 2019-ல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் இன்னும் பலமாகக் கை வைத்திருந்தது. ‘எந்தத் திசையில் போட்டாலும் மூன்று கோடு எங்களுடையதே’ என்ற வகையில் வாங்கியிருந்த ஒரு பதிவு செல்லாது என்றது. பதிவில் இருந்தவை வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள். சான்றாகக் காட்டிய பலவற்றில் கறுப்பின் மேல் வெள்ளைக் கோடுகள். அவை கணக்கில் சேராது என்று ஒதுக்கப்பட்டன. ஷூவின் பக்கவாட்டுக் கோடுகளுக்கான தனிப் பதிவுகளுக்கு இதனால் பாதிப்பில்லை. என்னைக் கேட்டால் இது நியாயமான தீர்ப்பு. போலிச் சரக்கைப் பிடிக்கக் கம்பெனிக்கு முழு உரிமை உண்டு. துணியில் கோடு போடுவதையே ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் சின்ன தையல்காரர்கள் எங்கே போவார்கள்?

● எதிர்ப்பதிலும் நிதானம் வேண்டும் என்று 2023 மார்ச்சில் அடிடாஸ் கற்றுக்கொண்டது. கறுப்பினத்தவர் உரிமைக்கான ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ அமைப்பின் மூன்று பட்டைச் சின்னத்தை எதிர்த்து மனு போட்டு, இரண்டே நாளில் திரும்பப் பெற்றது.

● பிரபலத்தின் பெயரை நம்பியதும் அடி வாங்கித் தந்தது. ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் யூத வெறுப்புப் பேச்சுக்குப் பிறகு 2022 அக்டோபரில் அவரோடு இருந்த ‘யீஸி’ ஷூக் கூட்டு முறிந்தது. கிடங்கில் மலைபோல் ஷூக்கள். எல்லாவற்றையும் நஷ்டக் கணக்கில் எழுதினால் 2023-ல் 70 கோடி யூரோ வரை நஷ்டம் வரலாம் என்று கம்பெனியே எச்சரித்தது. எரிக்காமல், தூக்கிப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விற்று, ஒரு பங்கை வெறுப்புக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். ‘சாம்பா’ போன்ற பழைய மாடல்களும் திடீரென்று சூடுபிடிக்க, அந்த வருடம் 26.8 கோடி யூரோ செயல்பாட்டு லாபத்தோடு முடிந்தது.

● போட்டியாளர் நைக்கியை அதன் தாயகமான அமெரிக்காவிலேயே மடக்க 2006-ல் 380 கோடி டாலருக்கு ரீபோக்கை வாங்கினார்கள். கனவு பலிக்கவில்லை. 2021-ல் அதிகபட்சம் 210 கோடி யூரோவுக்கு விற்க ஒப்புக்கொண்டார்கள்.

● யீஸி நெருக்கடியில் அடிடாஸுக்குத் தலைமையேற்க வந்த பியோர்ன் குல்டன் முன்னாள் கால்பந்து வீரர். அதைவிட முக்கியம், அதுவரை ஏறக்குறைய பத்து வருடம் பூமாவை நடத்தியவர் அவர்தான். 2025-ல் பூமாவும் தன் தலைமைக்கு அடிடாஸின் முன்னாள் விற்பனைத் தலைவர் ஆர்தர் ஹோல்டை அழைத்துக்கொண்டது. இரண்டு தலைமையகமும் இன்றும் அதே ஹெர்ட்சோகெனௌராக்கில்தான்.

● ஜெர்மனி கால்பந்து அணி 2027 முதல் அடிடாஸை விட்டு நைக்கி உடையில் ஆடும். 2024 மார்ச்சில் இந்த அறிவிப்பு வந்தபோது பொருளாதார அமைச்சரே வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார். நைக்கி கொடுக்க முன்வந்த தொகை மற்றவர்களைவிட மிக அதிகம், பெண்கள் கால்பந்துக்கும் அடிமட்ட ஆட்டத்துக்கும் அது உதவும் என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கம் பதில் சொன்னது. அதே ஆண்டுக் கோடையில் யூரோ கோப்பைக்கு அணி முகாமிட்டதோ ஹெர்ட்சோகெனௌராக்கில், அடிடாஸ் வளாகத்தில்.