பாலியஸ்டர் இழை: வெப்பமும் பிளாஸ்மாவும்

"சூடாக்கினால் பாலியஸ்டர் வலுவிழக்குமா?" என்று மாணவர் கேட்டால் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ 80° செல்சியசில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசையத் தொடங்கும். அப்போது இழையை இழுத்து நீட்டினால் சங்கிலிகள் ஒரே திசையில் அணிவகுக்கும், வலு கூடும். பின்னர் இறுக்கிப் பிடித்தபடி 180–220° வெப்பம் கொடுத்தால் அந்த அமைப்பு நிலைபெறும். சீருடையில் வெப்பத்தால் பதித்த மடிப்பு துவைத்தும் கலையாதது இதே காரணத்தால்தான். பிடிக்காமல் சூடாக்கினால் இழை சுருங்கும், சங்கிலிகளின் வரிசை குலையும், வலுவும் குறையும். 260° அருகே உருகிவிடும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் சாராய விளக்கருகே பாலியஸ்டர் துப்பட்டாவைக் கவனிக்க வேண்டியது இதனால்தான்.

பிளாஸ்மாவின் வேலை பெரும்பாலும் மேற்பரப்போடு சரி. அதிலுள்ள அயனிகளும் எலக்ட்ரான்களும் சில நானோமீட்டர் ஆழத்தையே மாற்றுகின்றன. நீர் எளிதில் ஒட்டாத இழை நீரை ஏற்கும். வலு ஏறக்குறைய அப்படியே இருக்கும். நேரம் மிகுந்தால் மேற்பரப்பு அரிக்கப்பட்டுக் குழிகள் விழும். இழுக்கும்போது இழை அங்கிருந்தே அறுபடத் தொடங்கும்.