விண்ணோக்குங் கருவிகளின் சந்தை

விண்ணை ஆராயும் விழைவு யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதொன்றன்று. பஞ்சாங்கங் கணிக்கும் மரபு இங்கே தலைமுறை தலைமுறையாக நிலவி வந்துள்ளது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறியில் மேனாட்டு வானியலும் பாடமாயிற்று. 1829ஆம் ஆண்டிற் சந்திர கிரகணமொன்றைப் பற்றி அச்செமினறித் தலைவர் டானியல் பூவரின் கணிப்பும் அராலி விசுவநாத சாத்திரியாரின் கணிப்பும் மாறுபட்டன. எது சரியென்பதை வானத்தைப் பார்த்தே துணிய வேண்டியதாயிற்று. பின்னாளில், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரான காரைநகர் அலன் ஆபிரகாம் அவர்கள் 1910இல் தோன்றிய ஹேலியின் வால்வெள்ளியை ஆராய்ந்து, இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகும் பெருமை பெற்றார். இத்தகைய மரபுடைய நாட்டில், விண்ணோக்குங் கருவிகளைப் பற்றிய தெளிவு மாணவர்க்கு வேண்டப்படுவதாகும்.

வானியலைத் தொழிலாகக் கொள்ளாது விருப்பினாற் பயில்வோர்க்கென்றே மேனாடுகளிற் கருவிக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அவை இருவகைப்படும். ஒன்று வணிகர் கூடுஞ் சந்தை. நியூயோர்க் மாநிலத்துச் சபேர்ன் நகரில் இளவேனிற் காலத்தில் நடைபெறும் வடகிழக்கு வானியல் மன்றம் இவ்வகையிற் பெயர் பெற்றது. மற்றையது தம் கையாற் கருவி செய்வோர் கூடும் அவை. வேர்மொன்ற் மாநிலத்துச் சிபிறிங்பீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள குன்றொன்றில், இரசல் போட்டர் என்பவரின் தூண்டுதலால், 1926இல் தொடங்கிய ‘இசுரெலபேன்’ மாநாடு இவ்வகையின் முன்னோடி. அங்கே விலைச்சீட்டு முதன்மையன்று. அவரவர் செய்த தொலைகாட்டியே பரிசுக்கு வைக்கப்படும். இவ்விரண்டினுள் நமக்கு வழிகாட்டத் தக்கது எது?

முதலிற் சந்தைக்குள் நுழைவோம். அங்கே செல்வோன் முதலில் கேட்கும் கேள்வி, “இக்கருவி எத்தனை மடங்கு பெரிதாக்கும்?” என்பதே. அதுவே தவறான கேள்வி. உருப்பெருக்கம் என்பது பொருளியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுக்க வருவது. 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள ஆடியுடன் 25 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டை இணைத்தால் 48 மடங்கும், 10 மில்லிமீற்றர்த் துண்டை இணைத்தால் 120 மடங்கும் கிடைக்கும். துண்டை மாற்றினால் எண்ணும் மாறும். ஆதலின், பெட்டியின்மீது அச்சிட்ட பெரிய எண் கருவியின் தகுதியைக் காட்டாது. தகுதியைக் காட்டுவது ஆடியின் அல்லது வில்லையின் விட்டமே. சேரும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகும். இருளில் விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 150 மில்லிமீற்றர் ஆடி அதனினும் ஏறத்தாழ 450 மடங்கு ஒளியைத் திரட்டும். விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து, அதன் இருமடங்குக்கு மேல் உருவைப் பெருக்கினால், உரு பெருகுமேயன்றித் தெளிவு பெருகாது.

இரண்டாவதாக நோக்கத்தக்கது தாங்கி. புவி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வனபோலத் தோன்றுகின்றன. அவற்றைத் தொடர்தற்கு, புவியச்சுக்கு இணையாக ஓரச்சைச் சாய்த்து நிறுத்திய தாங்கிகள் உள. அவ்வச்சின் சாய்வு, நிற்கும் இடத்தின் அகலக்கோட்டுக்குச் சமமாதல் வேண்டும். யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு வடக்கு 9 பாகை 40 கலை அளவினது. 40, 50 பாகையில் வாழ்வோரை எண்ணிச் செய்த தாங்கிகளுட் சில இவ்வளவு தாழச் சாயா. சாய்ந்தாலும் எதிர்நிறை முக்காலியின் காலில் முட்டும். துருவ நட்சத்திரமும் நமக்கு அடிவானிலிருந்து பத்துப் பாகையளவே உயர்ந்து நிற்பதாற் பனந்தோப்புக்குள் மறைந்துவிடும். மேனாட்டார்க்குச் சிறந்ததெனப் புகழப்படும் கருவி நமக்கும் சிறந்ததாகுமென்று கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

இத்தடையை எளிதில் நீக்கும் வழியொன்று உண்டு. அதனைக் கண்டவர் ஒரு துறவி. சுவாமி விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணம் போந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1900இல் சான்பிரான்சிசுக்கோவில் வேதாந்த சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் மடத்தில் 1944இற் சேர்ந்தவர் யோன் டொப்சன். கையிற் பொருளில்லாத அவர், கப்பற் சாளரத்தினின்று கழித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார், கட்டித்தாள் உருளையைக் குழாயாக்கினார், மரப்பெட்டியைத் தாங்கியாக்கினார். அப்பெட்டி மேலுங் கீழும், இடமும் வலமும் மட்டுமே திரும்பும்; எந்த அகலக்கோட்டுக்கும் ஒக்கும். 1967இல் மடத்தை நீங்கியபின், வீதியோரத்திற் கருவியை நிறுத்தி வழிச்செல்வோரை அழைத்துச் சந்திரனைக் காட்டினார். அவர் 2014இல் மறைந்தார். அவர் வகுத்த அமைப்பு இன்று பெருஞ் சந்தைகளிலும் அவர் பெயராலேயே விலைக்கு வைக்கப்படுகின்றது.

ஆடி தேய்த்தல் அருமையானதாயினும் அரியதன்று. ஒத்த இரு கண்ணாடி வட்டங்களுக்கிடையே சிலிக்கன் காபைட்டுத் தூளையும் நீரையும் இட்டு ஒன்றின்மேல் மற்றொன்றைத் தேய்க்க, மேலது குழியும், கீழது குவியும். பின்னர் நுண்ணிய தூள்களாலும் கீலாலும் மெருகேற்றி, இறுதியில் அலுமினியம் பூசுவர். மேற்பரப்பின் பிழை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்திருத்தல் வேண்டும். அத்துணை நுட்பத்தையும் ஒரு விளக்கும் ஒரு கத்தியலகுங் கொண்டு சோதிக்கும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார்.

இவ்வாறு பெற்ற கருவிக்கு நம் வானம் அளிக்கும் விருந்து பெரிது. இலண்டனில் என்றும் உதியாத தென்சிலுவை வைகாசி முன்னிரவில் நமக்குத் தெற்கே இருபது பாகை உயரத்தில் நிற்கும். வியாழனும் சனியும் உச்சிக்கு அண்மையிற் செல்வதால், அவற்றின் ஒளி காற்றுமண்டலத்தில் அலைவுறுதல் குறைவு. 2010 சனவரி 15இலும் 2019 திசெம்பர் 26இலும் வளையச் சூரிய கிரகணங்கள் இக்குடாநாட்டின்மீதே சென்றன. ஆனால், சூரியனை நோக்குவோர் தக்க வடிகட்டியைக் குழாயின் முன்வாயிலிலே பொருத்துதல் வேண்டும். தவறினால் பார்வையே கெடும். கடற்காற்றின் ஈரத்தாற் கண்ணாடியிற் பூஞ்சணம் பற்றாதபடி பேணுதலும் வேண்டும்.

கல்லூரி மாணவர் ஆண்டுக்கோர் ஆடியேனும் தேய்த்து முடிப்பாராயின், அவர் பெறுவது ஒரு கருவி மட்டுமன்று. பிழையைத் தாமே கண்டு தாமே திருத்தும் அறிவுப் பழக்கமுமாகும். அது சந்தையில் விலைக்குக் கிடைப்பதன்று. பூட்டிய அலுமாரியிற் கிடக்கும் பெருங்கருவியினும் முற்றத்தில் ஊரவர் கூடிநோக்கும் சிறுகருவியே கல்விக்கு உறுதுணையாம்.